லாடம் சரியாக அடிக்கப்பட்டுள்ளதா? பார்த்து அறியும் வழிகள்

உழவு இயந்திரங்கள் பெருகிய பின்னர் நமது பகுதியில் வண்டில் மாடுகள் குறைந்துவிட்டன. ஆயினும் 1990 முதல் பலமுறை இடம்பெயர்ந்து, வெறுங்கையோடு மீளக் குடியேறிய குடும்பங்களுக்கு ஒரு சோடி மாடு இன்றும் பெரும் முதலே. 2022 இல் எரிபொருளுக்காக நாம் வரிசையில் காத்து நின்றபோது, உழைக்கும் மிருகத்தின் பெறுமதி மீண்டும் விளங்கியது. சோடியில் ஒன்று நொண்டினால் மற்றதும் சும்மா நிற்கும். அந்த நொண்டலுக்குப் பல வேளைகளில் காரணம் குளம்பைப் பிழையாகச் சீவியதும் லாடத்தைப் பிழையாக அடித்ததுமே. வேலை சரியா பிழையா என்பதை மாட்டுக்காரர் தாமே பார்த்து அறியலாம்.

குளம்பு நமது நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும். மாட்டின் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றரும், குதிரையின் குளம்பு 8 முதல் 10 மில்லிமீற்றர் வரையும் வளரும். நறுவிலிக்குளம், வங்காலை, நானாட்டான் பக்கத்தில் மாரி காலத்தில் மாடு வயற்சேற்றில் நிற்கும். அப்போது குளம்பு ஊறி மென்மையாகும், தேய்வும் குறைவு. அறுவடை முடிந்ததும் அதே மாட்டைப் பாரத்துடன் தார் வீதியிலும் கிரவல் வீதியிலும் இறக்குகின்றோம். எனவே வண்டில் ஓட்டம் தொடங்குமுன்னரே குளம்பைப் பார்க்கவேண்டும். ஈரத்தில் மென்மையாக இருக்கும் குளம்பைச் சீவுவதும் இலகு.

முதலில் சீவலைப் பாருங்கள்

லாடத்தின் நன்மை தீமை அதற்கு முன் செய்யும் சீவலிலேயே தங்கியுள்ளது. கோணலான குளம்பில் நல்ல லாடம் அடித்தாலும் கோணல் நீங்காது.

1. மாட்டைச் சமதரையில் நிறுத்திப் பக்கத்திலிருந்து பாருங்கள். குளம்புக்கு மேலுள்ள சிறு எலும்பின் சாய்வும் குளம்பின் முன்புறச் சாய்வும் ஒரே கோட்டில் வரவேண்டும். நுனி நீண்டு மேலே வளைந்திருந்தால் பாரம் குதியில் விழுந்து நரம்பு இழுபடும்.

2. முன்னால் நின்று பாருங்கள். இரு பாதிகளும் ஒரே உயரமாக இருந்து, தரையில் ஒருமிக்கப் பதியவேண்டும்.

3. காலைத் தூக்கி, அடிப்பாதத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். அது அமுங்கினால் அளவுக்கு மிஞ்சிச் சீவப்பட்டுள்ளது. இரத்தம் கசிந்தால் அன்று லாடம் அடிக்கவே கூடாது.

லாடம் தேவையா?

எல்லா மாட்டுக்கும் லாடம் வேண்டியதில்லை. வயலிலும் மணலிலும் மட்டும் நடக்கும் மாட்டுக்குச் சீவல் போதும். தேய்வு வளர்ச்சியை மிஞ்சும் வீதிகளில் பாரம் இழுக்கும் மாட்டுக்கே லாடம் தேவை.

லாடம் அடித்தபின் பார்க்கவேண்டியவை

1. மாட்டின் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடுகள் வேண்டும். தகட்டின் விளிம்பு குளம்பின் வெளி விளிம்போடு பொருந்தவேண்டும். காலுக்குத் தக்கதாகத்தான் செருப்பு; ஆகவே சிறிய லாடத்துக்காகக் குளம்பைச் சுற்றி அராவுவது பிழை.

2. தகட்டுக்கும் குளம்புக்கும் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. இடைவெளியில் கல் புகுந்தால் லாடம் கழன்றுவிடும்.

3. அடிப்பாதத்துக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக்கோடு உண்டு. ஆணி அக்கோட்டுக்கு உட்புறம் போகக்கூடாது. உள்ளே இருப்பது உயிர்த்தசை. மாட்டுக்கு ஆணிகள் வெளிப்பக்க ஓட்டில் மட்டுமே அடிக்கப்படும். உட்பக்க ஓடு மெல்லியது.

4. வெளியே வந்த ஆணிமுனைகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்று, வெட்டி மடித்து அராவப்பட்டிருக்கவேண்டும். தடவினால் கையில் குத்தக்கூடாது.

5. கூலி கொடுக்குமுன் மாட்டைக் கொஞ்சத் தூரம் நடத்திப் பாருங்கள். வரும்போது நன்றாக நடந்த மாடு இப்போது காலைத் தூக்கி வைத்தால் அல்லது முதுகை வளைத்து நடந்தால், ஆணி தசையில் பட்டிருக்கலாம். அந்த ஆணியை உடனே கழற்றி, துளையைச் சுத்தமான உப்புநீரால் கழுவி, அரச மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். பார்த்துக்கொண்டிருந்தால் சீழ் பிடிக்கும்.

மாட்டை விழுத்திக் கட்டி லாடம் அடிப்பதால் இன்னொரு கவனமும் வேண்டும். காலையில் தீன் போடுமுன், மணற்பாங்கான இடத்தில் விழுத்துங்கள். வயிறு நிறைந்த மாட்டை நெடுநேரம் கிடத்தினால் வயிறு ஊதி ஆபத்தாகும்.

குதிரையும் கழுதையும்

குதிரைக்கும் கழுதைக்கும் குளம்பு பிளவுபடாத ஒரே ஓடு. ஆகையால் லாடமும் ஒற்றை வளையமாகும். அது குதிவரை நீண்டு தாங்கவேண்டும்; ஆனால் குளம்பின் பின்பாதியில் ஆணி அடிக்கக்கூடாது. ஒவ்வோர் அடியிலும் குதி சற்று விரிந்து சுருங்குவதே காரணம். லாடம் தேயாவிட்டாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கொருமுறை கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, மீண்டும் அடிக்கவேண்டும். முன்காலில் நோவிருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்.

நெடுந்தீவில் திரியும் குதிரைகளுக்கு லாடமில்லை. கல்நிலத்தில் நடந்து அவற்றின் குளம்பு தானாகவே தேய்கின்றது. மன்னார் நகரில் அலையும் கழுதைகளுக்கும் லாடமில்லை. ஆனால் கட்டி வளர்க்கும் கழுதைக்கு அத்தேய்வு போதாது, சீவல் வேண்டும். கழுதையின் குளம்பு குதிரையினதை விட நிமிர்ந்தது. அதைக் குதிரைக் குளம்புபோலச் சாய்த்துச் சீவுவது பெரும் பிழை. ஆணி பட்ட காயத்தால் குதிரைக்கும் கழுதைக்கும் ஏற்புவலி எளிதில் வரும் என்பதால், ஏற்பு ஊசி பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இவற்றைக் கேட்பதால் லாடம் அடிப்பவரைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். நல்ல தொழிலாளி தன் வேலையைத் தூக்கிக் காட்டத் தயங்கமாட்டார். இன்று இத்தொழில் தெரிந்தவர்கள் அருகிவிட்டனர். நமது ஊர்களில் எஞ்சியுள்ளவர்களிடம் இளைஞர் இருவரையாவது அனுப்பிப் பழக்குவது, வண்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் கூடித் தீர்மானிக்கவேண்டிய காரியம். அதுவரை மாதமொருமுறை நமது மாட்டின் நான்கு கால்களையும் நாமே தூக்கிப் பார்ப்போம்.