உங்களுக்குத் தெரியுமா? கார்ட்டூன் அப்பாவும் தீபாவளி போனசும்

● அமெரிக்காவில் முப்பது வருஷங்களுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் கார்ட்டூன் குடும்பத் தொடர் ‘தி சிம்ப்சன்ஸ்’. போனஸ் கிடைக்காத ஒரு தொழிலாளியின் கதையோடுதான் அது தொடங்கியது, தெரியுமா? அதன் முதல் அரைமணி நேர அத்தியாயம் 1989 டிசம்பர் 17 அன்று கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியாக ஒளிபரப்பானது. அப்பா ஹோமர் அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர். பண்டிகை நெருங்கும் நேரத்தில் ஒலிபெருக்கியில் முதலாளியின் குரல் வருகிறது: நிர்வாகத்தினரின் சம்பள உயர்வுக்குக் குறைவில்லை, தொழிலாளர்களுக்கு மட்டும் இந்த ஆண்டு போனஸ் கிடையாது. வீட்டிலோ அம்மா மார்ஜ் சேர்த்து வைத்திருந்த சிறுவாட்டுக் காசு முழுவதும், மகன் பார்ட் கையில் குத்திக்கொண்ட பச்சையை அழிப்பதற்கே செலவாகிவிட்டது.

● உண்மையில் முதலில் வரவேண்டியது வேறொரு அத்தியாயம். அதன் அனிமேஷன் சரியாக வராததால் பெரும்பகுதியைத் திருத்த வேண்டியிருந்தது. ஆகவே கிறிஸ்துமஸ் அத்தியாயம் முந்திக்கொண்டது. பின்தங்கிய அத்தியாயம் 1990 மே மாதம் அந்த சீசனின் கடைசியாக வந்தது.

● போனஸ் இல்லை என்பதை ஹோமர் வீட்டில் சொல்லவில்லை. ஒரு வணிக வளாகத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டுக் குழந்தைகளை மடியில் உட்கார வைக்கும் பகுதிநேர வேலைக்குப் போகிறார். வேலை முடிந்து சம்பளத்தை வாங்கிப் பார்த்தால் வெறும் 13 டாலர்! சமூகப் பாதுகாப்பு வரி போக, பயிற்சிக்கு ஒரு பிடித்தம், வேஷ உடைக்கு ஒரு பிடித்தம், ஒட்டுத்தாடிக்கு வாடகை. சீருடைக்கும் பூட்ஸுக்கும் பிடித்தது போக மிச்சத்தை எண்ணிப் பார்க்கும் எந்தக் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அந்தக் காட்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இங்கே சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. கூட்டுறவுச் சங்கக் கடன் இருந்தால் மட்டும் முக்கால் பங்குவரை போக முடிந்தது.

● கார்ட்டூன் அப்பா பண்டிகைச் செலவுக்காகத் தாத்தா வேஷம் போட்டது அதுவே முதல்முறை அல்ல. 1960 முதல் 1966 வரை ஓடிய ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடரின் ஃபிரெட், கல் குவாரியில் கிரேன் ஓட்டுபவர். 1964 டிசம்பர் 25 அன்று வந்த அத்தியாயத்தில் அவரும் கூடுதல் காசுக்காக ஒரு பெரிய கடையில் அதே வேஷம் போட்டார். குவாரி, மின் நிலையம் என்று இரண்டு தொடர்களுமே தொழிலாளி வீட்டுக்குள் நுழைந்து பண்டிகையைப் பார்த்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

● தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் சிட்கோ என்று திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்பேட்டைகளின் டீக்கடைகளில் ஷிஃப்ட் விட்டதும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: “உங்க கம்பெனியில எவ்ளோ?” பாதிப் பேர் சொல்லும் பதில், “எட்டு முப்பத்திமூணு.” அந்த 8.33 எங்கிருந்து வந்தது? ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். 1965-ல் போனஸ் சட்டம் வந்தபோது குறைந்தபட்சம் 4 சதவீதமாகத்தான் இருந்தது, பிற்பாடு 8.33 ஆனது. உச்சவரம்பு 20. ஆலை நஷ்டத்தில் ஓடினாலும் குறைந்தபட்சத்தைக் கொடுத்தாக வேண்டும். புதிதாகத் தொடங்கிய ஆலைகளுக்கு மட்டும் முதல் ஐந்தாண்டுகளுக்குச் சலுகை உண்டு. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் 8.33, 20 என்ற இரண்டு எண்களும் அப்படியே இருக்கின்றன.

● ஒரு மாதச் சம்பளம் என்றால் முழுச் சம்பளமும் வந்துவிடும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. 2015-ல் செய்த திருத்தப்படி, மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு போனஸ் உண்டு என்று ஆனது. ஆனால் அந்தத் திருத்தம் கணக்குப் போடச் சொன்னது 7,000 ரூபாய்க்கோ அந்தத் தொழிலின் குறைந்தபட்ச ஊதியத்துக்கோதான், இரண்டில் எது அதிகமோ அதற்கு. 7,000 என்று வைத்துக்கொண்டால் 8.33 சதவீதத்துக்கு வருஷத்துக்கு 6,997 ரூபாய். 20 சதவீதம் என்றால் 16,800. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கிட்டத்தட்ட பத்தாயிரம்தான் பிள்ளைகளின் துணிமணி, பட்டாசு, ஊருக்குப் போகும் டிக்கெட் எல்லாம்.

● முப்பது நாள் வேலை செய்திருந்தாலே அந்த ஆண்டுக்கான போனஸ் கேட்கும் தகுதி வந்துவிடும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உருக்காலை உலைமுன் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும். இருபது பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் காண்ட்ராக்டரும் கொடுத்தாக வேண்டும். அப்ரன்டிஸ்களுக்குத்தான் சட்டத்தில் இடமில்லை. இந்த உரிமை பல பேருக்குத் தெரியாமலே பண்டிகை கடந்துபோவது வேதனையாக இருக்கிறது.

● ஹோமர் போல மின் நிலையத்தில் இருப்பவர்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. மின்வாரியம் உட்பட மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களின் ‘சி’, ‘டி’ பிரிவு ஊழியர்களுக்கு 8.33 போனஸும் 11.67 கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்து வந்தது. 2020-ல், கொரோனா ஆண்டில், அது 10 ஆகக் குறைந்து, 2023-ல் மீண்டும் 20 ஆனது.

● போனஸுக்காக நம் நாட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது சுதந்திரத்துக்கு வெகு முன்பே. முதல் உலகப் போர் நடந்த 1917-ல் பம்பாய் பஞ்சாலைகள் ‘போர் போனஸ்’ கொடுத்தன. ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த போனஸ் நின்றதும், 1924-ல் ஆலைகள் மூடிக்கிடக்கும் அளவுக்குப் போராட்டம் வெடித்தது.

● தமிழ் பேசி நம் வீட்டுக் குழந்தைகளைக் கட்டிப்போட்ட ஜப்பானியக் கார்ட்டூன் சிறுவன் ஷின்-சானின் அப்பாவும் சம்பளக்காரர், வீட்டுக் கடன் கட்டுபவர். ஜப்பானில் கோடையிலும் குளிர்காலத்திலும் இரண்டு முறை போனஸ் கொடுப்பது வழக்கம். ஆனால் கொடுத்தே தீரவேண்டும் என்று அங்கே சட்டம் இல்லை.

● இங்கே கணக்காண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள் போனஸ் கைக்கு வந்தாக வேண்டும். மார்ச் 31-ல் கணக்கை முடிக்கும் ஆலைக்குக் கெடு நவம்பர் 30. தீபாவளி அக்டோபர் நடுவிலும் வரலாம், நவம்பர் நடுவிலும் வரலாம். அதனால் பண்டிகைக்கு முன்பே பணம் வேண்டும் என்றால், சங்கம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.