சக்கரப் பலகையும் ஊர்ப்பொதுவும்

கோவளம் என்னும் பெயருடைய ஊர்கள் நமக்குப் பல தெரியும். சென்னைக்குத் தெற்கே ஒன்று. கன்னியாகுமரிக்கு அருகே ஒன்று. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞத்தை அடுத்து இன்னொன்று. இன்று நாம் பேசப் புகுவது இம்மூன்றாவது கோவளத்தைப் பற்றியதாகும்.

இங்கே செபாஸ்டியன் இந்தியன் சோஷியல் புராஜெக்ட்ஸ் என்னும் தொண்டு நிறுவனம், பள்ளியை விட்டு நின்றுவிட்ட ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்து வருகிறது. 2005-ஆம் ஆண்டில் அதன் நிழலில் அலைச்சறுக்குக் கழகம் ஒன்று தோன்றியது. அக்கழகத்தின் விதி ஒன்றே ஒன்று: பள்ளிக்கு வாராத பிள்ளைக்கு அலைப்பலகை இல்லை. பிள்ளைகள் அலைக்காகப் பள்ளிக்கு வந்தனர்; வந்தவர்களிற் பலர் படிப்பிலும் நிலைத்தனர். பின்னர் அக்கரையிலேயே சக்கரப் பலகையும் உருளத் தொடங்கிற்று; அதற்கென ஒரு கழகமும் உண்டாயிற்று.

சக்கரப் பலகை என்று நாம் கூறுவது ஸ்கேட்போர்டு என்பதையே. அலைக்கும் இதற்கும் உள்ள உறவு பழையது. 1950-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில், அலை எழாத நாட்களில் பொழுது போகாத இளைஞர்கள், பலகைக்கு அடியில் சக்கரம் பூட்டித் தெருவில் ஓட்டினர். அதுவே இதன் பிறப்பு. 1970-களின் தொடக்கத்தில் யூரித்தேன் என்னும் மென்மையான சக்கரம் வந்த பின்னரே பலகை தரையைப் பற்றி ஓடும் திறன் பெற்றது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-இல், இவ்விளையாட்டுக்கு முதன்முறையாக இடம் அளிக்கப்பட்டபோது, பெண்களுக்கான ஒரு பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானியச் சிறுமி மொமிஜி நிஷியாவுக்கு வயது பதின்மூன்று. 2022-இல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இது இடம்பெற்றது.

விளையாட்டுக்குப் பலகை கிடைத்துவிடும்; இடம் கிடைப்பதுதான் அரிது. இதன் சக்கரம் மிகச் சிறியது. சிறு கூழாங்கல் ஒன்று குறுக்கிட்டாலும் பலகை நின்றுவிடும்; ஏறி நின்றவன் முன்னே போய் விழுவான். ஆகவே வழவழப்பான தரை வேண்டும். சாலையிலோ பேருந்தும் ஆட்டோவும் ஓடுகின்றன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,508 பேர் வாழ்கின்றனர். கேரளத்திலேயே மிகுந்த நெருக்கம் இதுவே. அத்தகைய ஊரில் விளையாட்டுக்கென வெறும் நிலம் கிடைப்பது எளிதன்று.

இதற்கெனக் கட்டப்படும் பொதுத்திடல் எத்தகையது? நகரச் சதுக்கம் ஒன்றைக் கண்முன் கொண்டுவாருங்கள். சில படிகள், படியோரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி, உட்காரத் தக்க தாழ்ந்த திண்ணைகள், சரிந்த மேடைகள் ஆகியவையே இத்திடலின் உறுப்புகள். திண்ணையின் விளிம்பிற் பலகை உராய்ந்து செல்லும்; ஆதலால் அவ்விளிம்பில் இரும்புக் கோணச்சட்டம் பதிப்பர். கடற்காற்று வீசும் ஊரில் துத்தநாகம் பூசிய இரும்பே நெடுநாள் தாங்கும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஒருங்கே மழை பொழியும் திருவனந்தபுரத்தில், தரைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டம் கொடுத்து நீரை வடியவிட வேண்டும். இல்லையேல் பாசி படர்ந்து, திடல் பிள்ளைகளை வீழ்த்தும் பொறியாகிவிடும். கான்கிரீட்டைப் பூசி முடித்ததும் வேலை தீர்ந்தது என எண்ணலாகாது. பல நாட்கள் அதனை ஈரம் காயாமல் வைத்து இறுகவிட வேண்டும். அவசரப்பட்டு ஓட்டினால் மேற்பரப்பு புழுதியாய் உதிரும்.

இத்தகைய திடல்களை உலகில் பெரும்பாலும் கட்டியவர் யார்? பல இடங்களில் விளையாடுபவர்களே. அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரில் பர்ன்சைடு பாலத்தின் அடியில், 1990-இல், இளைஞர்கள் அனுமதி கேளாமலே கான்கிரீட்டைக் குழைத்து ஊற்றினர். பின்னர் நகரசபை அதனை ஏற்றுக்கொண்டது. 2013-இல் பெங்களூரில் ஹோலிஸ்டோக்ட் என்னும் குழுவினர், ஒரு வணிக நிறுவனத்தின் பொருளுதவியும் அயல்நாட்டுத் தொண்டர்களின் உடலுழைப்பும் பெற்று, கட்டணமில்லாத் திடல் ஒன்றை எழுப்பினர்.

நமக்குப் பாடமாகத் தக்கது மத்தியப் பிரதேசத்துப் பன்னா மாவட்டத்தின் ஜன்வார் என்னும் சிற்றூர். உல்ரிக் ரைன்ஹார்டு என்ற ஜெர்மானியப் பெண்மணியின் முயற்சியால் 2015-இல் அங்கே ஒரு திடல் திறக்கப்பட்டது. ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவர் வீட்டுப் பிள்ளைகளும் அதுகாறும் ஒன்றாய் விளையாடியதில்லை. திடலுக்கு இரண்டு விதிகள் வகுக்கப்பட்டன: பள்ளிக்குச் செல்லாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். இவ்விரு விதிகளும் சிமெண்டைக் காட்டிலும் உறுதியாய் நின்றன. அங்கே பழகிய ஆஷா கோண்டு என்னும் பெண், 2018-இல் சீனத்து நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். நம் மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி சிறுமியாய் இருந்தபோதே இப்பலகையில் நின்ற கதை ஆவணப்படமாகி, 2020-இல் பிரிட்டிஷ் திரைப்பட விருதுக்கான பரிந்துரை வரை சென்றதையும் நினைவுகூரலாம்.

கட்டுவது ஒரு பாதி, காப்பது மறுபாதி. லண்டன் மாநகரில் தேம்ஸ் நதியோரத்து அரங்கக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில், 1970-கள் முதலாக இளைஞர்கள் பலகை ஓட்டி வந்தனர். அவ்விடத்தைக் கடைகளாக மாற்றும் திட்டம் 2013-இல் எழுந்தது. அவர்கள் பொதுமக்களிடம் கையெழுத்துத் திரட்டி, மறு ஆண்டிலேயே உடன்பாடு கண்டு, இடத்தைக் காத்துக்கொண்டனர். பின்னர் நிதியும் சேர்த்து, மூடப்பட்டிருந்த ஒரு பகுதியைப் புதுப்பித்து 2019-இல் திறந்தனர்.

இதில் நமக்குப் புதுமை ஏதும் இல்லை. ஏரிக்கரை உடையாதிருக்க ஊரார் வீட்டுக்கு ஓர் ஆளாய் மண் சுமந்த குடிமராமத்து முறையை நம் முன்னோர் அறிவர். கரையில் தன் கூடை மண்ணும் இருக்கிறது என்று அறிந்தவன் கரையை வெட்ட விடமாட்டான். திடலுக்கும் இதுவே நியாயம். ஒருநாள் மணல் சலித்த பிள்ளை, மறுநாள் அங்கே கண்ணாடிப் புட்டியை உடைக்கமாட்டான், உடைப்பவனையும் தடுப்பான்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாய் வாழ்கின்றன. 1956 நவம்பர் முதல் நாள் வரை கன்னியாகுமரி மாவட்டமும் அந்நகரைத் தலைமையாகக் கொண்ட ஆட்சியில்தான் இருந்தது. எனினும் வேற்று மாநிலத்தில் குடியேறிய நம்மவர், ஊர்ப்பொதுக் காரியம் உள்ளூரார் பொறுப்பு என்று ஒதுங்கி நிற்பதுண்டு. அது சரியன்று. கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் வழியே, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. எதைக் கட்டலாம் என்பதை மக்கள் கூடிப் பேசும் வழக்கமும் வேரூன்றியது. அத்தகைய கூட்டத்தில் எழுந்து நின்று, நம் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு திடல் வேண்டும் என்று கேட்பதற்கு அங்கு வாழும் எவருக்கும் உரிமை உண்டு. நீங்கள் மும்பையில் இருப்பினும் தில்லியில் இருப்பினும், உங்கள் நகரசபையின் கதவும் அவ்வாறே தட்டத் தக்கதாகும்.

புதிய ஊருக்கு வந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது நண்பன். மொழி தெரியாத பிள்ளை வகுப்பறையில் வாய் திறவாது இருக்கும். திடலில் அவ்வாறு இருக்க இயலாது. விழுந்தவனைத் தூக்கிவிடக் கை நீளும்போது, அக்கை மலையாளியினுடையதா தமிழனுடையதா என்று எவரும் கேட்பதில்லை. அத்தகைய இடம் ஒன்றை நம் கையாலும் சேர்ந்து கட்டிக்கொடுப்பது, குடியேறிய ஊருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன். நம் பிள்ளைகளுக்கு அது அவர்கள் சொந்த ஊராகும் வழியும் அதுவே.