தரங்கம்பாடிக் கடற்கரை

விடுமுறைக் காலத்தில் கடற்காற்றை விரும்பும் மாணவர்க்குத் தரங்கம்பாடியினும் ஏற்றதோர் ஊர் அரிது. தரங்கம் என்பது அலை. அலைகள் பாடும் ஊர் எனப் பொருள் கூறுவர்.

கோட்டை வாயிலினூடே புகுந்து இராஜவீதி வழியே நடப்போமாயின், 1718-ம் ஆண்டில் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தைக் காண்போம். சீகன்பால்கு ஐயர் துயில்வது அங்கேதான். 1706-ல் இக்கரையில் இறங்கிய அவர் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு, 1715-ல் இவ்வூரிலேயே அச்சேறி நிறைவெய்திற்று. அவ்வீதியின் முடிவில், டேனியர் 1620-ல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலை நோக்கி நிற்கின்றது. அதனுள் அரும்பொருட்காட்சிச்சாலை உளது.

சற்று அப்பால், பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலைகள் கொண்டுபோயின. கப்பலையும் கல்வியையும் கொணர்ந்த கடலே ஊரையும் அரித்துண்கின்றது. ஆதலின், நண்பர்காள், அலையில் விளையாடி மீள்வதோடு அமையாது, எஞ்சியவற்றை இன்றே கண்டு வருவோமாக.