முப்புரி கண்ட சென்னை

டி.என்.ஏ. இருபுரி வடிவினது என்று 1953இல் வாட்சனும் கிரிக்கும் உரைத்ததை எங்கள் இரத்தினபுரித் தோட்டப் பாடசாலை மாணவரும் அறிவர். அதற்குச் சான்றாய் நின்றது ரோசலிண்ட் பிராங்கிளினின் எக்ஸ் கதிர்ப் படம். அடுத்த ஆண்டே, அதே கதிர்வழி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததை அறிந்தார் சிலரே. ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுகியது எனக் கண்டனர். கங்காருவின் வால் தசைநாணும் ஆய்வுக்கு உதவிற்றாம்!

1955இல் கிரிக்கும் ரிச்சும் அதன் நுணுக்கங்களைத் திருத்தினர்; ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றா, இரண்டா என்பதே வழக்கு. மூவிழை நிலைத்தது. சிலர் இதனை ‘மும்மைச் சுருள்’ என்பர். கயிறு திரிப்போர் நாவிலுள்ள ‘முப்புரி’ இருக்க அஃது எதற்கு? மாணவர்க்கு யான் முப்புரி என்றே கற்பித்து வருகிறேன்.