ஊதுவது யார்? இழுப்பது யார்?

உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. கதவைத் திறந்து பார்க்காமலே, "அப்பா வந்துட்டாங்க!" என்று உங்கள் பிள்ளை எழுந்து ஓடுகிறதா இல்லையா? பக்கத்து வீட்டு வண்டிக்கு அது ஓடுவதில்லை. அதுவும் இதே மாதிரி வண்டிதான். ஆனாலும் காது பிரித்துச் சொல்லிவிடுகிறது!

இந்தக் காது ஒன்று போதும். எண்பது, நூறு பேர் கூடி வாசிக்கும் மேலைநாட்டு வாத்தியக் குழுவிலும், இப்போது ஒலிப்பது எந்த வாத்தியம் என்று கண்டுகொள்ளலாம். "அதெல்லாம் கோலாலம்பூரில் பெரிய மண்டபத்தில் கோட்டுப் போட்டவர்கள் கேட்பது. பெக்கான் நானாஸில் அன்னாசியையும் செம்பனையையும் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு எதற்கு?" என்கிறீர்களா? நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவன் என் மாணவன் ஒருவன்.

வாசிப்பில் பின்தங்கிய பையன். ஒருநாள் இசை வகுப்பில் ஒரு திரைப்பாடலை ஒலிக்கவிட்டு, "என்ன கேட்கிறது?" என்றேன். "பாட்டு, சார்!" என்றது வகுப்பு முழுவதும். கடைசி வரிசையிலிருந்து அவன் மட்டும், "ஒருத்தர் ஊதுறாரு சார், நெறைய பேரு இழுக்குறாங்க, ஒருத்தர் தட்டுறாரு" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துளைக்கருவி, நரம்புக்கருவி, தோற்கருவி என்று நம் முன்னோர் வகுத்து வைத்ததைப் பெயர் தெரியாமலே அவன் சொல்லிவிட்டான்!

முதல் பாடம் கோயிலில்

நாம் பிறந்ததிலிருந்து கேட்கும் நாதஸ்வரத்திலிருந்தே தொடங்குவோம். அதன் முனையில் உள்ள சீவாளியில் இரண்டு நாணல் தட்டைகள் ஒன்றோடொன்று அதிர்கின்றன. கூர்மையான அந்த நாதம் அங்கேதான் பிறக்கிறது. மேலைநாட்டில் 'ஓபோ' என்றொரு வாத்தியம் உண்டு. அதிலும் இரட்டை நாணல்தான். நாதஸ்வரம் போல அவ்வளவு உரக்க ஒலிக்காது. லேசாக மூக்கால் பாடுவது போலிருக்கும். கச்சேரி தொடங்குமுன் இந்த ஓபோ ஒரு சுரத்தை நீட்டி ஊதும். வயலினிலிருந்து எக்காளம் வரை அத்தனை வாத்தியங்களும் அதற்கேற்பச் சுருதி சேர்த்துக்கொள்ளும். நம் நாதஸ்வரத்தின் உறவுக்காரருக்குத்தான் அந்தச் சபையில் முதல் மரியாதை!

கிளாரினெட்டுக்கு ஒற்றை நாணல். அதனால் ஒலி உருண்டு, குழைந்து வரும். ஏ.கே.சி. நடராஜன் அதில் கர்நாடக இசை வாசித்துப் புகழ்பெற்றவர். புல்லாங்குழலுக்கு நாணலே இல்லை. துளையின் விளிம்பில் காற்று மோதி ஒலிக்கிறது. உற்றுக் கேட்டால் வாசிப்பவரின் மூச்சே கேட்கும்.

வயலின் நம்முடையது என்று நினைக்கிறோம். அதுவும் மேலைநாட்டிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அதன் பெரிய அண்ணன் செல்லோ; அதன் குரல் ஆண்குரல் போல ஆழ்ந்திருக்கும். எல்லாரிலும் பெரியது டபுள் பேஸ். உடல் பெருக்கப் பெருக்க ஒலி தாழும்.

மூன்று கேள்விகள்

வாத்தியம் ஒலிக்கும்போது காதிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று: ஒலி எப்படித் தொடங்கியது? தட்டியா, மீட்டியா, ஊதியா, வில்லால் இழுத்தா? தொடக்கம் மிக முக்கியம். பதிவில் அந்தக் கணத்தை வெட்டிவிட்டால் தேர்ந்த காதும் தடுமாறும். இரண்டு: நீடிக்கிறதா, தேய்கிறதா? கித்தாரும் வீணையும் மீட்டிய உடனே தேயத் தொடங்கும். வயலின் வில் ஓடும் வரை நீடிக்கும். மூன்று: குரல் மெல்லியதா, தடித்ததா?

பிள்ளைகளுக்கு ஒரு கதையும் உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் 1936-இல் 'பீட்டரும் ஓநாயும்' என்ற கதையைச் சிறுவர்களுக்காக இசையாக்கினார். அதில் பறவை வந்தால் புல்லாங்குழல், வாத்து வந்தால் ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குக் கட்டைக்குரல் பசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள். இரண்டு முறை கேட்டால் போதும், பிள்ளைகள் பெயர் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

நம் வீட்டிலேயே உண்டு

1976-இல் 'அன்னக்கிளி' வந்த நாளிலிருந்து இளையராஜாவின் பாடல்கள் நம் வானொலிகளில் ஒலிக்கின்றன. அவற்றின் இடையிசையில் வயலின் கூட்டத்தையும் குழலையும் கேட்டுக்கொண்டேதான் வேலைக்குப் புறப்பட்டோம். கவனித்தோமா என்பதுதான் கேள்வி. 1986-இல் வெளிவந்த அவருடைய 'ஹௌ டு நேம் இட்' இசைத்தொகுப்பைக் கேளுங்கள். பாட்டு வரிகளைப் பின்தொடர வேண்டியதில்லை. காது வாத்தியங்களிடமே போகும். அவருடைய சிம்பொனி 2025 மார்ச் 8-இல் லண்டனில் அரங்கேறியது. மலேசிய பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவும் 1998 முதல் கோலாலம்பூரில் வாசித்து வருகிறது. அந்த மண்டபத்துக்குள் நுழைய நம் பிள்ளைகள் கூச வேண்டியதில்லை. பாதிப் பாடத்தைக் கோயிலிலும் வானொலியிலும் படித்து முடித்தவர்கள் அவர்கள்.

பெற்றோரே, ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையனின் தேர்ச்சி அறிக்கையில் "கவனக்குறைவு" என்று நானே எழுதியிருந்தேன். அவனிடம் கவனம் இல்லாமலில்லை. அது காதில் இருந்தது. நான் புத்தகத்தில் மட்டும் தேடினேன். அவனுக்கு இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வருகிறது. ஆனால் இசை வகுப்பில் முன்வரிசைக்கு வந்துவிட்டான்.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு கைத்தொலைபேசியில் ஒரு பாட்டை ஒலிக்கவிடுங்கள். சத்தம் அளவாக இருக்கட்டும். காதையும் காக்க வேண்டுமே! முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் தடவை ஊதுபவரை மட்டும் தேடுங்கள். மூன்றாம் தடவை இழுப்பவர்களை. பிறகு, "உனக்கு என்ன கேட்டது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.