எடைக்குப் போகாத லிபரேட்டர்

போரில் மாண்டவர்களின் நினைவாகக் குண்டுவீச்சு விமானங்களுக்கு மறுவாழ்வு தரும் தன்னார்வலர்கள். அந்த வேலைக்கு வேண்டிய கைகள் திருச்சியை அடுத்த துவாக்குடியில் இருக்கின்றன

1940. ஜெர்மன் குண்டுகள் பிரிட்டன் மீது விழுந்துகொண்டிருந்த நேரம். போர் விமானங்கள் வாங்குவதற்காகச் சென்னை மாகாணத்தில் நிதி திரட்டப்பட்டது. அதற்கு நன்றிக்கடனாக, பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர் சூட்டினார்கள். திருச்சியும் தஞ்சையும் அந்த மாகாணத்துக்குள்தான் இருந்தன. சண்டைக்கு விமானம் வாங்கப் பணம் கொடுத்த மண் இது. சண்டையில் மாண்டவர்களை நினைத்துப் பார்க்க ஒரு விமானத்தைக் காப்பாற்றி வைப்பது இந்த மண்ணுக்கு எட்டாத காரியமா?

எட்டும் காரியம்தான் என்பதற்கு பி-24 லிபரேட்டரின் கதையே சாட்சி.

நான்கு எஞ்சின்கள், 110 அடி அகல இறக்கை, வழக்கமாகப் பத்துப் பேர் கொண்ட குழு. அமெரிக்கா 18,000-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களைச் செய்து குவித்தது. நம் வானிலும் அவை பறந்தன. 1944-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் 200-வது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களுடன் பரங்கிமலையில் முகாமிட்டிருந்தது. இலங்கையில் 160-வது ஸ்குவாட்ரனின் லிபரேட்டர்கள் சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா தளங்களிலிருந்து வங்கக் கடலையும் இந்தியப் பெருங்கடலையும் கண்காணித்தன. பரங்கிமலைக்குப் பக்கத்தில் நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில், இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த 800-க்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள்.

கான்பூர் குப்பையிலிருந்து

போர் முடிந்ததும் இந்த விமானங்கள் வேண்டாதவை ஆயின. அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தில் கொடுத்தவை அவை. திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் இனி பறக்க முடியாதபடி ஆக்க வேண்டும். கான்பூரில் நிறுத்தப்பட்டிருந்த லிபரேட்டர்களை அப்படித்தான் பாழாக்கினார்கள். எஞ்சினுக்குள் மணல் கொட்டினார்கள். கருவிகளை அடித்து நொறுக்கினார்கள்.

புதிதாக விடுதலை பெற்ற இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் தேவைப்பட்டன. வாங்கப் பணம் இல்லை. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் தொழிற்சாலை அந்தச் சிதைவுகளைக் கையில் எடுத்தது. போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையின் லிபரேட்டர்களைப் பழுதுபார்த்த அனுபவம் அதன் தொழிலாளர்களுக்கு இருந்தது. பறக்கும் அளவுக்கு மட்டும் கான்பூரிலேயே ஒட்டுப்போட்டுத் தேற்றிய விமானங்களைச் சோதனை விமானி ஜம்ஷெத் முன்ஷி உயிரைப் பணயம் வைத்துப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே அவை முழுமையாகச் செப்பனிடப்பட்டன. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-வது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களுடன் உருவானது. சுமார் 40 விமானங்கள் இப்படி மறுபிறவி எடுத்தன. 1968-ல்தான் அவை ஓய்வு பெற்றன.

அதற்குள் மற்ற நாடுகள் தங்கள் லிபரேட்டர்களை அநேகமாக உருக்கித் தீர்த்திருந்தன. அருங்காட்சியகங்கள் இந்தியாவைத் தேடி வந்தன. லண்டன் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்பது இங்கிருந்து போனது. கனடாவின் ஒட்டாவாவில் இருப்பதும் அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா அருங்காட்சியகத்தில் இருப்பதும் அப்படியே. டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒன்று நம்மிடம் மிச்சம். நம் தொழிலாளிகள் தட்டி நிமிர்த்தியதைத்தான் இன்று உலகம் நினைவுச்சின்னமாகப் போற்றுகிறது.

ஊர் கூடித் தேர் இழுத்தவர்கள்

இந்தியாவிலிருந்து போன இன்னொரு லிபரேட்டரை அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை 1984-ல் வாங்கியது. ஐந்தாண்டு உழைப்புக்குப் பிறகு 1989-ல் அது மறுபடியும் பறந்தது.

ஆஸ்திரேலியாவின் வெரிபீ நகரில் நடப்பது இதைவிட நெகிழ வைப்பது. போருக்குப் பின் ஒருவர் விலைக்கு வாங்கித் தன் வீட்டு நிலத்தில் போட்டு வைத்திருந்த லிபரேட்டரின் உடற்பகுதி மட்டும் தப்பியிருந்தது. இறக்கைகள் இல்லை. பப்புவா நியூகினியில் விழுந்து கிடந்த வேறொரு லிபரேட்டரிலிருந்து இறக்கைகளைக் கொண்டு வந்தார்கள். அந்த விமானங்களில் பறந்த முன்னாள் வீரர்கள் 1980-களின் இறுதியில் தொடங்கிய முயற்சி இது. உறுப்பினர் சந்தா, நன்கொடை, பார்வையாளர் கட்டணம் என்று காசு சேர்ந்தது. பழைய போர்க்கால விமானத் தளத்தின் கொட்டகையில், சம்பளம் வாங்காத ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளும் இளைஞர்களும் தகடு தகடாக வேலை பார்த்து முழு விமானத்தை எழுப்பினார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்.

குண்டு வீசிய இயந்திரத்தை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்கலாம். அதில் ஏறித் திரும்பி வராத இருபது வயதுப் பையன்களையும், அது வீசிய குண்டுகளுக்குக் கீழே இறந்தவர்களையும் ஒரே இடத்தில் வைத்து நினைக்க அந்த இயந்திரம் கண்முன் நிற்க வேண்டும். பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியால் அது முடியாது.

நாம் இழந்தவை

1971 போரில் பங்கேற்ற விமானந்தாங்கிக் கப்பல் ‘விக்ராந்த்’ மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க வழியில்லாமல் 2012-ல் மூடப்பட்டு, 2014-ல் ஏலம் போனது. காப்பாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் தோற்றார்கள். அந்தக் கப்பலின் இரும்பு பிறகு மோட்டார் சைக்கிளில் சேர்ந்தது. 2010-ல் ஓய்வு பெற்ற நீர்மூழ்கிக் கப்பல் ‘வாக்லி’யை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கும் திட்டமும் கரையேறவில்லை. விசாகப்பட்டினமோ ‘குர்சுரா’ நீர்மூழ்கியை 2002-லேயே கடற்கரையில் ஏற்றிவிட்டது. அதற்கு எதிரே டுபோலெவ்-142 விமானத்தையும் நிறுத்தியிருக்கிறது.

துவாக்குடியின் கைகள்

திருச்சிக்குத் தொழில்திறமை புதிதல்ல. பொன்மலை ரயில்வே பணிமனை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் போர் விமானங்களைப் பழுதுபார்த்துக் கொடுத்தது. அதே பணிமனை இந்த நூற்றாண்டில் நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து காட்டியது. திருவெறும்பூரில் பெல் பாய்லர் ஆலை வந்தபின் துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. பக்கத்திலேயே என்.ஐ.டி. இருக்கிறது. பாய்லர் என்பது இரும்பும் வெல்டிங்கும். விமானம் என்பது அலுமினியத் தகடும் ரிவெட்டும். வேலை வேறுதான். ஆனால் டிராயிங் பார்த்துத் தகடு வெட்டுவதும், ஜிக் அமைத்து வளைப்பதும், நூல் பிசகாமல் பொருத்துவதும், இன்ஸ்பெக்‌ஷனில் தேறுவதும் இங்குள்ள ஃபிட்டருக்கு அன்றாடம்.

விமானப்படையில் ஓய்வு பெற்ற விமானங்கள் நாட்டின் பல ஊர்களில் வெயிலிலும் மழையிலும் பீடத்தின் மேல் நிற்கின்றன. அப்படி ஒன்றைப் பொறுப்பேற்பதிலிருந்து தொடங்கலாம். முதலில் கூரை போட்ட கொட்டகை. அடுத்து பராமரிப்புக்கென்று தனி நிதி. அதன் பிறகே பெயின்ட். விக்ராந்த் கற்றுத் தந்த பாடம் இது. வரவு செலவைப் பொதுவில் வைக்கும் அறக்கட்டளை ஒன்று வேண்டும். ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் சொல்லிக் கொடுக்க, ஐ.டி.ஐ. மாணவர்கள் கற்றுக்கொண்டே வேலை செய்யலாம்.

காந்தி மார்க்கெட் அருகே முதல் உலகப் போருக்குப் போனவர்களின் நினைவுச்சின்னம் இருக்கிறது. கார்கிலில் உயிர் தந்த மேஜர் சரவணனுக்கும் இந்த நகரம் நினைவிடம் எழுப்பியிருக்கிறது. நினைவில் வைக்கத் தெரிந்த ஊர் இது. செய்யவும் தெரிந்த ஊர். துவாக்குடிப் பட்டறை உரிமையாளர்களும், பெல் ஓய்வூதியர்களும், கல்லூரிப் பேராசிரியர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும், வேலை தொடங்கிவிடும். அடுத்த விமானமோ கப்பலோ எடைக்குப் போவதற்குள் உட்காருங்கள்.