சீருடையின் உள்ளே ஒரு சிறிய முத்திரை

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்கினால் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறோம். இருந்தால் மனம் அமைதியடைகிறது. ஆனால், முத்திரை என்பது எப்போதும் முழு உண்மையையும் சொல்லிவிடுமா? இந்தக் கேள்விக்கு விடை காண, ஹிட்லர் காலத்து ஜெர்மன் சீருடைகளை இன்று எடுத்துக்கொள்வோம். அருங்காட்சியகங்களிலும் ஏலங்களிலும் இன்றும் காணப்படும் அவற்றின் உட்புறத்தை எப்படிப் படிப்பது?

கட்சி வேறு, ராணுவம் வேறு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அன்றைய ஜெர்மனியில் நாஜிக் கட்சியின் சீருடைகளும் ராணுவச் சீருடைகளும் வெவ்வேறு வழிகளில் வந்தன.

கட்சிப் பொருள்களை மேற்பார்வையிட்டது மியூனிக் நகரில் இயங்கிய 'ரைக்ஸ்ட்சொய்க்மைஸ்டெரை' என்ற அலுவலகம். சுருக்கமாக 'ஆர்.இசட்.எம்.' அனுமதி இல்லாமல் கட்சிச் சீருடைகளையும் சின்னங்களையும் தயாரிப்பதும் விற்பதும் 1934 டிசம்பரில் இயற்றப்பட்ட ஒரு சட்டப்படி குற்றம். அனுமதி பெற்றவர்களுக்கு எண் தரப்பட்டது. வட்டத்துக்குள் இந்த மூன்று எழுத்துகளும், பொருளின் வகைக் குறியும், தயாரிப்பாளரின் எண்ணும் பதிக்கப்பட்டன. உலோகப் பொருள் என்றால் வகைக் குறி 'எம்' என்றும், தோல் பொருள் என்றால் 'எல்' என்றும் தொடங்கும்.

தரைப்படைச் சிப்பாயின் மேலங்கியில் இந்த லேபிள் இருக்காது. அதன் உள்துணியில் மை முத்திரைதான் இருக்கும். 'ஈ 38' என்றிருந்தால் எர்ஃபுர்ட் நகர ராணுவ உடைக் கிடங்கு, 1938ஆம் ஆண்டு என்று பொருள். 'பி' என்றால் பெர்லின். 'எம்' என்றால் மியூனிக். அருகில் ஐந்து எண்கள் இருக்கும். முதுகு நீளம், கழுத்து, மார்பு, மொத்த நீளம், கை நீளம் ஆகியவற்றின் சென்டிமீட்டர் அளவுகள் அவை. தையல் நிறுவனத்தின் பெயரும் ஊரும் அங்கேயே இருப்பதுண்டு. அதிகாரிகளோ தனியார் தையற்கடையில் தைத்துக்கொண்டார்கள். அவர்களின் உட்பையில் கடையின் லேபிளும், சிலவற்றில் அதிகாரியின் பெயரும் தேதியும் காணப்படும்.

ஆகவே, சாதாரணத் தரைப்படை மேலங்கியில் 'ஆர்.இசட்.எம்.' லேபிள் ஒட்டியிருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம், சந்தேகப்பட வேண்டும்.

போலியை அறிவது எப்படி?

ஒரு சீருடையில் போலி செய்ய மிகவும் எளிதானது லேபிள்தான். ஆகையால் லேபிளை மட்டும் பார்க்கக் கூடாது. அது இருக்கும் துணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்துணி வியர்வையில் மங்கியிருக்க, லேபிள் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறதா? பழைய ஊசித் துளைகளும் இன்றைய தையலும் ஒத்துப்போகின்றனவா? தைத்த நூல் பாலியஸ்டரா? பாலியஸ்டர் நூல் போருக்குப் பிறகே விற்பனைக்கு வந்தது. அப்படியானால் அந்த லேபிள் பின்னாளில் தைக்கப்பட்டது என்பது உறுதி.

புற ஊதா விளக்கில் ஒளிர்ந்தால் போலி என்று சிலர் சொல்வார்கள். அது மட்டும் போதாது. பழைய உடையை இன்றைய சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். ஒளிராத துணியெல்லாம் அசல் என்றும் ஆகிவிடாது.

பெயருக்குப் பதில் எண்

1942க்குப் பிறகு ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். தையல் நிறுவனத்தின் பெயர் மறைந்து, 'ஆர்.பி. எண்' என்ற நீண்ட எண் அந்த இடத்துக்கு வந்தது. எந்தப் பொருள் எங்கே தயாராகிறது என்பது எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதே நோக்கம். அந்த எண்கள் பலவற்றுக்கு உரிய நிறுவனம் எது என்பது இன்னும் கண்டறியப்படவில்லை.

ஆனால் பெயர் தெரிந்த லேபிளும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஹியூகோ பாஸ் என்ற பெயரை நாம் அறிவோம். மெட்சிங்கன் ஊரில் 1924இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் கட்சிக்கும், பின்னர் ராணுவத்துக்கும் சீருடை தைத்தது. கறுப்பு எஸ்.எஸ். சீருடையை வடிவமைத்தவரே அவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, வடிவமைத்தவர்கள் கார்ல் டீபிட்ச், வால்டர் ஹெக் ஆகிய இருவர். பாஸின் பங்கு தைத்துக் கொடுத்தது.

தைத்தவர்கள் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அந்த நிறுவனமே கேட்டுக்கொண்டதற்கு இணங்க வரலாற்று ஆய்வாளர் ரோமன் கோஸ்டர் எழுதிய நூல் 2011இல் வெளிவந்தது. போர்க் காலத்தில் 140 கட்டாயத் தொழிலாளர்களும் 40 பிரெஞ்சுப் போர்க் கைதிகளும் அங்கே வேலை வாங்கப்பட்டதை அது எடுத்துக்காட்டியது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே ஆண்டில் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்த லேபிளிலும் இல்லை.

அன்பர்களே, முத்திரை பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பாதி உண்மையோடு நின்றுவிடலாம். தைக்க அனுமதி பெற்றவர் யார் என்பதை அது சொல்லும். தைத்த கைகள் யாருடையவை என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய சீருடை ஒன்று நம் கைக்கு வந்தால், அதைத் துவைக்காமலும் லேபிளைப் பிரிக்காமலும் அப்படியே வைத்திருப்போம். அந்தத் தேடலுக்கு அது ஒரு சாட்சி.